பிரேமினியின் பித்தளைத் துப்பாக்கி

இலங்கை மலைநாட்டில் றொசல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிரேமினி கங்காணியாக இருக்கிறார். அந்தத் தோட்டத்தில் பெண் ஒருவர் கங்காணியானது அவரோடுதான் தொடங்கியது. பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர், நாற்பதாவது வயதில் அதை இறக்கி வைத்துவிட்டு முப்பத்திரண்டு பெண்களை மலைக்கு அழைத்துப் போகும் வேலைக்கு வந்தார். குரலை உயர்த்தாமல் வேலை வாங்குவார் என்று பேர். கணவர் ஜெயகாந்தன் தோட்டத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிறவர்.

இரண்டு வருடங்களுக்கு முன் பிரேமினியின் அப்பா கந்தப்பன் காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர் இருந்த காம்பராவின் ஒழுகும் கூரையைப் பிரித்தார்கள். தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த ஜெயகாந்தன், சுவருக்கும் உத்தரத்துக்கும் நடுவே செருகியிருந்த ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கீழே கொடுத்தார். உள்ளே எண்ணெய்ச் சீலை. சீலைக்குள் ஒரு துப்பாக்கி.

படங்களில் பார்க்கிற துப்பாக்கியைப் போல அது இல்லை. குழாய் பித்தளை. கட்டைவிரல் தாராளமாக நுழையும் அளவுக்கு வாய் அகலம். பிடி மரம், கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. டின்னின் அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம், முழுக்க ஆங்கிலத் தட்டெழுத்து.

ஜெயகாந்தன் குதித்து இறங்கிக் கதவைச் சாத்தினார். மேலே கூரை இல்லை என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

ஆற்றில் போட்டுவிடலாம் என்றார் அவர். அவர் பயந்ததில் பிழையில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஏன் இத்தனை கூராக இருக்கிறது என்று கேட்டுப் பொலிசார் ஆட்களைக் கொண்டுபோன யுத்த காலத்தை இருவரும் பார்த்தவர்கள். அந்தக் காலம் முழுவதும் இது இந்தக் கூரையில்தான் இருந்திருக்கிறது. எத்தனை முறை இந்த லயத்தில் சோதனை போட்டார்கள்! அப்பா வாசலில் கைகட்டி நின்றது பிரேமினிக்கு நினைவிருக்கிறது.

"எறியிறதுன்னா அப்பா எப்பயோ எறிஞ்சிருப்பாருங்க," என்றார் பிரேமினி. "எறியலயே. அது ஏன்னு தெரியாம நான் எறிய மாட்டேன்."

அட்டனில் கஜனி என்றொரு சட்டத்தரணி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துப் பெண்களின் வழக்குகளைப் பார்ப்பவர். பிரேமினி அவருக்குப் போன் செய்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்.

"அக்கா, அதை இனித் தொடாதேங்கோ. பஸ்ஸில கொண்டு வரவும் வேண்டாம். வழியில பிடிபட்டால் நீங்கள் சொல்லுறதை ஒருத்தரும் கேக்க மாட்டினம். நானே பொலிசுக்கு அறிவிச்சு அவையளோட வாறன்."

சொன்னபடி பின்னேரம் ஜீப்போடு வந்தார். லயமே வாசலில் திரண்டுவிட்டது. இன்ஸ்பெக்டர் கையுறை போட்டு அதைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், தன் ஆட்களிடம் காட்டினார். அவர்களுக்கும் அது என்னவென்று பிடிபடவில்லை.

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதினார்கள். கூரையில் கிடந்தது, யாருடையது என்று தெரியாது என்று சொன்னால் போதும், ஆபத்துக் குறைவு என்று கஜனி முன்னமே சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார், இது யாருடையது என்று. பிரேமினியும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்: அப்பாவுடையது, இப்போது என்னுடையது. இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் கஜனி அந்தக் காகிதத்தை விரித்தார். முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு பிரேமினிக்குத் தமிழிலும் இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்திலும் வரிவரியாகச் சொன்னார்.

1951 மார்கழியில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் அது. துரைக்கு முதலாம் உலகப் போரில் கிடைத்த சைகைத் துப்பாக்கி இது. குண்டு போடாது, வெளிச்சத் தோட்டாவை வானத்துக்கு எறியும். தோட்டத்தின் மேல் பிரிவில் ஆபத்து என்றால் தொழிற்சாலைக்குத் தெரிவிக்க அதைத் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். அந்த மார்கழி மழையில் மேல்மலையில் வெடிப்பு விட்டிருந்ததால், தன் குதிரைக்காரர் முத்துக்கருப்பனின் கையில் துப்பாக்கியையும் ஒரே ஒரு சிவப்புத் தோட்டாவையும் கொடுத்து மலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் துரை. பகல் இரண்டு மணிக்கு மலை சரிந்தது. சரிந்தது தோட்டத்தின் மேல் அல்ல, கீழே ரயில் பாதையின் மேல். அதே நேரம் அட்டன் பக்கமிருந்து கொழும்பு ரயில் இறங்கி வரும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ச் சொல்ல நேரமில்லை. முத்துக்கருப்பன் தோட்டாவைப் பாதைக்கு மேலே எறிந்தார். மண் கிடந்த இடத்துக்கு அறுபது கஜம் முன்னால் ரயில் நின்றது. அதில் இருநூற்று எழுபது பேர் இருந்தார்கள். இந்தத் துப்பாக்கி இனி அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் உரியது.

முத்துக்கருப்பன் பிரேமினியின் அப்பாவைப் பெற்றவர். அவர் முகத்தைப் பிரேமினி பார்த்ததில்லை. தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோயிருந்த அந்த 1951இல், அவர் எந்த நாட்டுப் பிரஜை என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை.

உரிமம் இல்லாத ஆயுதம் என்று பொலிசார் வழக்குப் போட, நீதவான் பிரேமினியைச் சொந்தப் பிணையில் விட்டார். துப்பாக்கி கொழும்புக்குப் பரிசோதனைக்குப் போனது. அடுத்த ஞாயிறு பிரேமினி வட்டவளைக்குப் போனார். கந்தப்பனின் அக்கா வேலாயி அங்கே மகனோடு இருந்தார். எண்பது கடந்தவர், காது நன்றாகக் கேட்கும். துப்பாக்கி என்றதுமே சொல்லத் தொடங்கினார்.

"எனக்கு எட்டு வயசு. கொழும்புக் கோச்சி சத்தம் கேட்டு நாங்கெல்லாம் வெளிய நின்னோம். ஒரே மூட்டம், முன்னுக்கு நிக்கிற ஆளு தெரியாது. திடீர்னு அந்த மூட்டம் பூராவும் செவந்திருச்சு. தேயிலயும் செவப்பு, எங்க ஆத்தா மொகமும் செவப்பு. சத்தமே இல்ல புள்ள. எல்லாரும் கும்புட்டுட்டாங்க. அது எங்க அப்பா செஞ்சதுன்னு அப்பத் தெரியாது."

துப்பாக்கியைத் துரை சீமைக்கே கொண்டுபோய்விட்டார் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். தம்பி அதைக் கூரையில் வைத்துக்கொண்டு தன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று கொஞ்ச நேரம் அழுதார்.

அறிக்கை வர பதினொரு மாதமானது. 1918இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்தது. மரப்பிடிக்கு மேலே இரும்பில் குத்தியிருந்த அம்புக்குறி, அது அந்நாட்டு இராணுவத்தின் உடைமை என்பதற்கு அடையாளம். பதுங்குகுழிகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் உதவிக்கு அழைக்க இதைத்தான் வானத்தை நோக்கி நீட்டினார்கள். கஜனி அதைப் பிரேமினிக்கு வாசித்துச் சொன்னார். கடல் கடந்த ஏதோ ஒரு போரின் இருட்டில் எரிந்த வெளிச்சம் தன் லயத்துக் கூரைக்குள் வந்து தங்கியிருக்கிறது என்று பிரேமினி நினைத்துக்கொண்டார்.

அறிக்கையின் கடைசி வரிதான் சிக்கல். தோட்டா கிடைத்தால் இது இன்னும் வேலை செய்யும், ஆகவே சட்டத்தின் பார்வையில் ஆயுதம். கஜனி கடிதத்தையும் வேலாயி கண்டதைச் சொல்லும் சத்தியக் கடதாசியையும் நீதவானிடம் கொடுத்தார். குற்ற எண்ணம் இல்லை என்று வழக்கை முடித்த நீதவான், பொருளை வைத்திருப்பதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கச் சொன்னார். தோட்டாவை வெடிக்க வைக்கும் உள்ளூசியைக் கழற்றிக் குழாயை ஈயத்தால் அடைத்தால், நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. வருடம் ஒருமுறை பொலிசார் வந்து பார்ப்பார்கள். விற்கக் கூடாது.

கடைசிக் கையெழுத்துக்குப் பிரேமினியும் கஜனியும் நுவரெலியா அலுவலகத்துக்குப் போனார்கள். படிவத்தில் ஆதனங்கள், அதாவது சொத்துகள், என்று ஒரு பகுதி இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான அதிகாரி காணி உண்டா என்று கேட்டார். இல்லை. வீடு? அது தோட்டத்துடையது. வாகனமும் இல்லை.

"அப்ப உங்கட பேரில என்னதான் இருக்கு?"

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. பிரேமினி யோசித்துப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த, துப்பாக்கி வைத்த பெட்டியைக் காட்டினார்.

"இதுதாங்க. இன்னைக்கிலயிருந்து."

அதிகாரி எழுந்து நின்று, முத்திரை குத்திய காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

நானுஓயாவில் பகல் ரயில் ஏறினார்கள். மடியில் பெட்டி, பெட்டிக்கு மேல் அனுமதிப் பத்திரம். அட்டனில் கஜனி இறங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ரயில் மெதுவாக வளைந்து இறங்கத் தொடங்கியபோது பிரேமினி ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். வழக்கமான மூட்டம். எதிரே ஒரு தாய் பிள்ளைக்கு வடை பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாசலில் தொங்கிப் படம் எடுத்தார்கள். ஒரு கிழவர் வாய் திறந்து தூங்கினார். பிரேமினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இருநூற்று எழுபது பேர் என்றால் எத்தனை முகம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

மலை சரிந்த இடம் எதுவென்று அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே றொசல்லை வரும்வரை பெட்டியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.