சவரி அண்ணன் ஸ்டீயரிங்கைத் திருப்பிய காரணம்

மூலக்குளத்தில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தபோது சவரிமுத்து அண்ணன் மகளிடமிருந்து போன் வந்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இன்னாடி, உங்கப்பன் இன்னும் எந்திரிக்கலியா? நான் வந்து எழுப்பட்டா?" என்றேன். "சித்தப்பா, அப்பா பூட்டாரு" என்றாள். கேனைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் தோளில் வைத்தபடியே நின்றேன். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

சேதராப்பட்டில் அவரோடு லாரி ஓட்டிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் என்ன சொல்வது? ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஆனால் ஒரு விஷயம் உங்களில் யாருக்கும் தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கம்பெனி, தானாக ஓடும் லாரியைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கும். சேதராப்பட்டிலிருந்து உறுவையாறு குடோனுக்குச் சோதனை ஓட்டம். டிரைவர் வேண்டாத வண்டிக்குள், சட்டத்துக்காக ஒரு டிரைவர் உட்கார வேண்டும். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு கீறல் போடாதவர் என்று அண்ணனை உட்கார வைத்தார்கள். வண்டி தப்பு செய்தால் மட்டும் ஸ்டீயரிங்கைத் தொடலாம். தொட்டால் காரணம் எழுதித் தர வேண்டும். அவர் கையைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, "வில்லியனூர் மாதா தேரு வருது, சுரூபத்துக்கு வழி வுடுங்கடா!" என்று கத்தினேன். அவரும் உள்ளே இருந்தபடியே கையை உயர்த்தி எனக்கு ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வண்டி தேறிவிட்டால் நம் பதினோரு பேர் வேலையும் போய்விடும் என்று தெரிந்ததும், டீக்கடையில் வைத்து அவரை மடக்கினோம்.

"சும்மா சும்மா ஸ்டீயரிங்கப் புடிண்ணே. வண்டி சரியில்லன்னு திருப்பி அனுப்பிடுவானுங்க" என்றேன்.

"தப்பு பண்ணா புடிப்பேன்டா ஏழுமல. பண்ணாதப்பப் புடிச்சா, தப்பு என்னுது."

"அப்ப எங்க சோத்துல மண்ணப் போடு."

டீயை முடிக்காமலே எழுந்து போனார். அன்றிலிருந்து நம்மில் பாதிப்பேர் அவரோடு பேசவில்லை. நான் பேசினேன், குத்திக் குத்தி.

மாசியில் உளுந்து அறுவடை. நம் சனங்கள் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறினால் காய் உடைந்து உளுந்து உதிரும். நாம் யோசிக்காமல் ஏற்றுவோம். அந்த வண்டிக்கு அது எங்கே தெரியும்? செடியைக் கண்டதும் நின்றுவிட்டது. "ஏத்துய்யா, இன்னாத்துக்கு நிக்கிற?" என்று பொம்பளைகள் கத்த, அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஏற்றினார். காரணம் கேட்ட இடத்தில் 'உளுந்து' என்று எழுதினார். மறுநாளும் உளுந்து. அதற்கு மறுநாளும் உளுந்து. என்ஜினியர்கள் கூடிப் பேசி, ரோட்டில் தட்டையாகக் கிடப்பது எதற்கும் நிற்காதே என்று வண்டிக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"சித்திரையில நெல்லு காயும், அதுக்கு ஒதுங்கச் சொல்லுங்கன்னேன். அப்பறம் பாக்கலாம்னு சிரிக்கிறானுங்கடா" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

சித்திரையும் வந்தது. உறுவையாறு வளைவில் பாதி ரோட்டுக்கு நெல். அந்த ஊர் அஞ்சலை, முதுகைக் காட்டி உட்கார்ந்து முறத்தால் வாரிக்கொண்டிருந்தாள். வண்டி நிற்காமல் நெல்மேல் ஏறி அவளை நோக்கிப் போனது. அண்ணன் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினார்; முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. அஞ்சலைமேல் தூசுகூடப் படவில்லை. எழுந்து நின்று, "நெல்லெல்லாம் பூடுச்சே! கண்ணு தெரியல? கட்டையில போறவனே!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அண்ணன் இறங்கி வந்து, சிந்திய நெல்லை அவளோடு சேர்ந்து அள்ளினார்.

வண்டி தானாகவே பிரேக் போட்டது, டிரைவர் அவசரப்பட்டுத் திருப்பியதுதான் தவறு என்று கம்பெனி எழுதியது. அண்ணன் வேலையும் போனது. அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூட வேனுக்குக்கூட அவரை வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷமாக ஸ்டீயரிங் தொடாமல் வீட்டில் கிடந்தார்.

அன்று அவர் வண்டிக்குப் பின்னால் லோடு ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். விசாரணையில் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "வண்டி பிரேக் போட்டுச்சா? பின்னாடி லைட்டு எரிஞ்சுதா?" என்று கேட்டார். வண்டியைக் குறை சொல்பவன் சீட்டுதான் முதலில் கிழியும் என்று அப்போது பேச்சு. "கவனிக்கல சார்" என்றேன். இரண்டே மாதத்தில் நம் பதினோரு பேரையும் அனுப்பிவிட்டு, உட்கார மட்டும் பாதிச் சம்பளத்துக்கு வேறு ஆட்களை எடுத்தார்கள். இந்த இரண்டு மாதத்துக்காகவா வாயை மூடினேன் என்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போன கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கேக்கை நீட்டிக்கொண்டே, "நாள் பூரா தொறந்தே வெச்சிருக்கிற வாயி, அன்னிக்கி மட்டும் ஏன்டா மூடுச்சி?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்து, இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

கல்லறையில் மண் போட்டபோதும் அதுதான் காதில் கேட்டது. அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். கம்பெனி தன் காகிதத்தை மாற்றுமோ மாட்டாதோ, அவர் மகள் கையில் இது இருக்கட்டும். உங்கள் எல்லார் முன்னாலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். பின்னால் வந்தேன், கண்ணால் பார்த்தேன். பிரேக் லைட் எரியவில்லை.