தாவீது சங்கத்தில் சேர்ந்த கதை

கவரைப்பேட்டையில் இருக்கிற முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைச் செயலாளர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வாசிப்பார். படை எண், பதவி, பெயர், பட்டாளத்தில் பார்த்த வேலை. வாசித்து முடிக்கும்வரை அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டும். சுபேதாராக இருந்தவருக்கும் அதே சட்டம்தான், சிப்பாயாக இருந்தவருக்கும் அதே சட்டம்தான்.

இந்த வழக்கத்துக்குப் பயந்துதான் தாவீது இருபத்து நான்கு வருஷமாகச் சங்கம் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. மீசையை முறுக்கிவிட்டு அவர் விறைப்பாக நின்றால் லாரி டிரைவர்கள் பீடியை மறைப்பார்கள். ஆனால் அவர் பட்டாளத்தில் பிடித்தது கரண்டி. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் "பீரங்கியா, துப்பாக்கியா?" என்று ஆசையாகக் கேட்க, "துப்பாக்கி" என்று வாயில் வந்துவிட்டது. ஒரு பொய் தனியாக நிற்குமா? கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிய தழும்பு, குண்டு பட்ட தழும்பாக மாறியது. வெங்காயம் நறுக்குகிற வேகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று வீட்டில் அடுப்படிப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார் மனிதர்.

இப்போது மனைவி ஞானம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷன் செய்யாமல் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படைவீரர் குடும்பத்துக்கு உரிய மருத்துவ அட்டை இருந்தால் கவலை இல்லை. அதற்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்ட வேண்டுமே என்று தாவீது அதை வாங்காமலே விட்டிருந்தார். விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் மூன்று முறை போட்டும் மூன்று முறையும் திரும்பி வந்தது.

சங்கத்துச் செயலாளர் அருணாச்சலம் இதைக் கேள்விப்பட்டுத் தாமே வீட்டுக்கு வந்தார். அவர் ஓய்வுபெற்ற சுபேதார்.

"இதுக்குப் போய் ஏன்யா பேஜாரு படற? எத்தினி பேருக்கு வாங்கிக் குடுத்துக்கினு இருக்கோம். ஞாயித்துக்கெழமை புக்கை எடுத்துக்கினு வா, பாத்துக்கலாம். தங்கச்சியையும் இட்டுக்கினு வா."

தாவீது சாக்கு யோசிப்பதற்குள் ஞானம்மா சரி என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். ஞானம்மாவை மட்டும் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு எல்லாரும் எழுந்தார்கள். அருணாச்சலம் எண்ணை வாசித்தார், பதவியை வாசித்தார், பெயரை வாசித்தார். "வேலை, சமையல்" என்றார்.

தாவீது தரையைப் பார்த்தார். நாற்காலிகள் இழுபடும், யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்தால், அத்தனை பேரும் விறைப்பாக நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

அருணாச்சலம் புத்தகத்தை மூடிவிட்டுப் பொன்னாடையைப் போர்த்தினார். "காஷ்மீர்ல பனியில எங்க காவல் போஸ்ட்டுக்குப் பதினோரு நாள் ரேஷன் வண்டி வரல. எங்க குக்கு இருந்த மாவை வெச்சிக்கினு தெனம் ரொட்டி போட்டாரு. அங்க நடந்ததுல பாதி மறந்துபோச்சு. அந்த ரொட்டி மறக்கல."

தாவீதுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி பக்கம் திரும்பினார். "ஞானம், இது எண்ணெ கொட்டின தழும்பு. குண்டு இல்ல."

"தெரியும்," என்றார் ஞானம்மா. "கல்யாணம் ஆன மொத வாரமே தெரியும். துப்பாக்கி புடிச்ச ஆளு தூக்கத்துல 'பருப்புக்குத் தண்ணி ஊத்து'ன்னா சொல்லுவான்? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. ஞானம்மா சிரிக்கவில்லை.

"சமையல்காரருன்னா இன்னா கொறைச்சல்? ஊரு பட்டாளத்துக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டு, எனக்கு ஒரு வேளை ஆக்கிப் போட்டீங்களா? அடுப்பாண்ட நின்னு நின்னுதான இந்தக் காலு தேஞ்சுது."

முப்பது வருஷம் தாவீது எதற்குப் பயந்தாரோ அது ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பயந்து செய்த காரியம்தான் நெஞ்சை அறுத்தது. மறுநாள் காலையில் ஞானம்மா எழுந்து வந்தபோது அடுப்படியில் தாவீது மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

சங்கத்துக்காரர்கள் அலைந்து திரிந்து இரண்டு மாதத்தில் அட்டையை வாங்கிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு ஆள் மாற்றி ஆள் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்தார்கள். ஜனவரி இருபத்தாறாம் தேதி, கடைசியாகச் சேர்ந்தவர் என்கிற முறையில் தாவீது கொடியேற்றினார். அன்றைய காலை நாஷ்டாவும் அவர் கையால்தான். ஞானம்மா கம்பு ஊன்றி, தானே நடந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

தாவீது முதல் தட்டை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தார். ஞானம்மாவுக்குக் கூச்சமாகிவிட்டது.

"சுபேதார் சார் நிக்கறாரு பாருங்க. அவருக்கு மொதல்ல குடுங்க."

"நிக்கட்டும்," என்றார் தாவீது. "நீ முப்பது வருசம் நின்னுட்ட."