மருதம்மாள் சமையலும் பரஞ்சோதியின் தொண்டையும்

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும், பரஞ்சோதியின் தொண்டையில் ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. மீன் முள் சிக்கியது போல இருந்தது. விழுங்கினாலும் போகவில்லை, காறினாலும் வரவில்லை. தூங்கி எழுந்தால் வாயெல்லாம் புளிப்பு. மழையில் நனைந்த மோட்டார் சைக்கிள் மாதிரி, குரல் கிளம்பவே அரை மணி நேரம் ஆயிற்று.

மற்றவர்களுக்குத் தொண்டை என்பது சோறு இறங்கும் வழி. பரஞ்சோதிக்கு அதுதான் முகவரி. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையிலும் பாதி போய் மாடி வீடுகள் வந்தன. சனங்கள் பாக்கார் ஆராங் பக்கம் சிதறிப் போனார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது, ஒரு பக்கம் செம்பனை, மறு பக்கம் கார்கள் வரிசையில் நிற்கும் காடி கழுவும் கடை. பரஞ்சோதி சுங்கைப்பட்டாணி தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக இரவு வேலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். அங்கே அவருக்குப் பெயர், சட்டையில் தைத்த ஒரு எண். யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத மனிதர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியப் பூசையில் அவர் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்ற ஐம்பது வாயும் திறக்கும். பாட்டுக்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தாமான் குடியிருப்பில் சின்னப் பிள்ளையும் கை காட்டும்.

அதனால் வைத்தியம் சொல்லாதவர் இல்லை. உடம்புச் சூடு என்றார்கள் எல்லாரும். மனைவி ஷாமளா தினமும் ஒரு கிளாஸ் எலுமிச்சைச் சாற்றில் மிளகுத்தூள் போட்டு, மூன்று மணிக்கு அவர் தூங்கி எழுந்ததும் வெறும் வயிற்றில் கொடுத்தாள். இறங்குகிற வழியெல்லாம் எரிந்தது.

"எரியுதுன்னா சளிய அறுக்குதுன்னு அர்த்தம். மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிங்க" என்றாள்.

குடித்தார். கம்பெனி கிளினிக்கில் இரண்டு முறை கொடுத்த ஆன்டிபயாட்டிக்கையும் விழுங்கினார். முள் நகரவில்லை.

இதற்கிடையில் தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கிவிட்டது. பாட்டுக் குழுவில் இருப்பவர்கள் நாற்பத்தெட்டு நாள் சுத்த சைவம். முன்னால் நின்று பாடுகிறவருக்கு அதில் சலுகை கிடையாது. பத்து நாள் பரஞ்சோதி ஒழுங்காகத்தான் இருந்தார்.

பதினோராம் நாள் காலை ஏழரை மணி. வேலை முடிந்து வழக்கம்போல் மாமாக் கடை எனும் தமிழ் முஸ்லிம் உணவகத்தில் உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவர் தூரத்திலிருந்தே, "அண்ணே, பியாசா?" என்றார். பியாசா என்றால் எப்போதும் சாப்பிடுவதுதானே என்று கேள்வி. பரஞ்சோதி அரைத் தூக்கத்தில் தலையாட்டிவிட்டார். பரோட்டா மாதிரி இரண்டு ரொட்டி சானாய் வந்தது, மேலே கோழிக் குழம்பு தளும்ப. ஒரு கால் துண்டும் இருந்தது. தட்டைத் தள்ளி வைத்திருக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் இரும்புச் சத்தத்தில் இருந்துவிட்டு வந்தவருக்கு அந்த வாசனை நெற்றியில் கை வைத்தது போல இருந்தது. சுற்றிலும் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை.

மறுநாள் அவர் தலையாட்டியது அரைத் தூக்கத்தில் அல்ல.

சாப்பிட்டு, ஒரு தே தாரிக் பால் டீ குடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, எட்டரைக்கெல்லாம் திரையை இழுத்து மூடிப் படுத்துவிடுவார். குளித்துப் பூசிய திருநீறு நெற்றியில் அப்படியே இருக்கும்.

விரதத்தின் மூன்றாவது ஞாயிறு, பாட்டின் நடுவில் குரல் உடைந்தது. மேலே ஏறின அடி திரும்பி இறங்கவேயில்லை. ஐம்பது பேர் பின்பாட்டுக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மேளக்காரன் சசிதரன் மட்டும் கவனிக்காமல் இன்னும் இரண்டு தட்டு மேளம் தட்டிவிட்டு நிறுத்தினான். போன வருடம் விரத சமயத்தில் இதே சசிதரனுக்குக் கை வீங்கியபோது, டாக்டரிடம் போனாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. விரதத்தில் என்ன தப்பு நடந்தது என்றுதான் கேட்டார்கள். அவன் ஒரு மாதம் தலை குனிந்து திரிந்தான்.

கோயில் தலைவர் காளிதாசன் கிட்டே வந்தார். "என்னா பரஞ்சோதி? தொண்ட இன்னும் மோசமாயிருச்சா?"

பெண்கள் பக்கம் எல்லாக் கண்களும் இவர் மேல். விரதத்தில் என்ன தப்பு என்ற அந்தக் கேள்வி இன்னும் யார் வாயிலும் வரவில்லை, ஆனால் வந்துகொண்டிருந்தது. அது வந்து சேருவதற்குள் பரஞ்சோதியின் வாய் முந்திக்கொண்டது.

"போன வாரம் இங்க சாப்புட்டதுலேருந்துதான் இவ்ளோ மோசம்ண்ணே. எண்ணெ ஏதோ சரியில்ல போல."

இவ்வளவுதான் சொன்னார். ஒரு பழியைச் சுமத்த இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அன்றைக்கு நெஞ்சு கரித்தது என்றார் ஒருவர். என் பிள்ளைக்கு வயிறு போனது என்றாள் ஒருத்தி. அடுத்த ஞாயிற்றுக்கு முன்பே கமிட்டி கூடிப் பேசி, இருபத்திரண்டு வருடமாக அன்னதானத்துக்குச் சமைத்த மருதம்மாளை இந்தப் பூசம் முடிகிறவரை 'ரெஸ்ட்' எடுக்கச் சொல்லிவிட்டது. சமையலுக்குக் கடையில் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

ரெஸ்ட் என்றால் என்ன அர்த்தம் என்று மருதம்மாளுக்குத் தெரியும். அறுபத்து நாலு வயது. புருஷன் இல்லை, மகள் ஜித்ராவில். அந்தக் கோயில் அடுப்படியில் அவளைக் கேட்காமல் யாரும் உப்பு டப்பாவைத் திறந்ததில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் பரஞ்சோதி வீட்டு வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் சட்டையைத் தேடினார். அவள் கையில் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது.

"சுக்கு, மல்லி போட்டுக் கொண்டாந்தேன் தம்பி. சூடு ஆறுறதுக்குள்ள குடி."

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"என் சோத்தத் தின்னுதான் ஒனக்குத் தொண்ட போச்சுன்னாங்க. எண்ணெ புதுசுதான் தம்பி. பாக்கெட்ட நான்தான் பிரிச்சேன். பருப்பு ரெண்டு தடவ களஞ்சேன். ரா முழுக்க யோசிச்சுப் பாத்துட்டேன், எங்க தப்புப் பண்ணேன்னு தெரியல." அவள் குரலில் கோபமே இல்லை. "ஒனக்கு எது ஒத்துக்கல, சொல்லு. திருத்திக்கிறேன்."

பரஞ்சோதி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார், திரும்பவும் மூடினார். இப்போதே சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நெஞ்சு வரை வந்தது. வந்தது புளித்துக்கொண்டு கீழேயே இறங்கிவிட்டது.

"தெரிலக்கா" என்றார்.

அந்த வாரமே ஷாமளா அவரை அரசாங்க கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சிவானி சின்னப் பெண். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தாள், கழுத்தைத் தடவிப் பார்த்தாள், எடை குறைந்ததா, விழுங்கும்போது அடைக்கிறதா, சிகரெட் உண்டா என்று கேட்டாள். எதுவும் இல்லை. பிறகு யாரும் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அங்கிள், வேலை முடிஞ்சு எத்தன மணிக்குச் சாப்புடுவீங்க?"

"ஏழரைக்கு."

"எப்ப படுப்பீங்க?"

"எட்டரைக்கு."

"ஏழரைக்கு என்னா சாப்பாடு?"

ஷாமளா முந்திக்கொண்டாள். "அவரு பூசத்துக்கு விரதம் டாக்டர். சுத்த சைவம். தோசதான்."

டாக்டர் ஷாமளாவைப் பார்க்கவில்லை. "அங்கிள்?"

"தோச" என்றார் பரஞ்சோதி, மேசைமேல் இருந்த பேனாவிடம்.

டாக்டர் எழுதிக்கொண்டாள். வெளியே வந்து மருந்துக்கு நம்பர் எடுத்து உட்கார்ந்ததும் அவர் எழுந்தார். "ஐ.சி.ய உள்ளயே விட்டுட்டேன் போல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "தோச இல்ல டாக்டர்" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னாள். ரொட்டி, கோழிக் குழம்பு, தே தாரிக், உடனே படுக்கை, எழுந்ததும் எலுமிச்சையும் மிளகும் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். சொந்த வாயால் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது அது இன்னொருவரின் வாழ்க்கை போல அசிங்கமாக இருந்தது.

"வயித்துல இருக்கிற ஆசிட் மேல ஏறித் தொண்டைய அரிக்குது போல, அங்கிள். இப்பவே கட்டாயம் அதுதான்னு சொல்ல முடியாது. ஒரு மாசம் மருந்து தரேன். எலுமிச்சைய நிறுத்துங்க. எண்ணெ, காரம், தே எல்லாத்தையும் கொறைங்க. சாப்புட்டு மூணு மணி நேரம் படுக்கக் கூடாது. தலமாட்ட ஒசத்திப் போடுங்க. கொறையலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், உள்ள கேமரா விட்டுப் பாப்பாங்க."

"கோயில் சாப்பாட்டால வந்திருக்குமா டாக்டர்?"

"வாரத்துக்கு ஒரு தடவ சாப்புடுற சாம்பாராலயா?" என்றாள் டாக்டர்.

அம்மன் குரலைப் பிடுங்கிக்கொண்டாள் என்று இத்தனை நாள் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அம்மன் ஒன்றும் செய்யவில்லை. தின்றதுதான் திரும்பி வந்திருக்கிறது. தண்டனையாக இருந்தாலாவது அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

வெளியே ஷாமளா நிமிர்ந்து பார்த்தாள். "ஐ.சி. கெடச்சிச்சா?"

அந்த அடையாள அட்டை அவர் சட்டைப் பையில், மெல்லிய துணிக்குள் நீலமாகத் தெரிந்துகொண்டிருந்தது.

"ஒங்க சட்டைய நான்தான் தொவைக்கிறேன்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "மாமாக் கட கொழம்பு வாசம் எனக்குத் தெரியாதா? ஒங்க வாயி, ஒங்க விரதம். சாமிக்கும் ஒங்களுக்கும் உள்ளது. அந்த அக்காவ எதுக்கு இழுத்தீங்க?"

பரஞ்சோதி நம்பர் ஓடும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் நம்பர் வந்து போனது. பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் தோளைத் தட்டிச் சொன்ன பிறகுதான் எழுந்தார்.

மருதம்மாள் வீடு நாலாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. மறுநாள் சாயங்காலம் ஃபிளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று, சொல்ல வேண்டியதை ஒருமுறை ஒத்திகை பார்த்தார். அவள் கதவைத் திறந்ததும் ஒத்திகை மறந்துபோனது.

"சாப்பாட்டால இல்லக்கா. நான் வெரதத்த முறிச்சிட்டேன். மாமாக் கடையில கோழி தின்னேன். தெனமும். கேப்பாங்கன்னு பயந்து ஒங்க மேல போட்டுட்டேன்."

மருதம்மாள் ஃபிளாஸ்க்கை வாங்கி உள்ளே பார்த்தாள், கழுவியிருக்கிறதா என்று. பக்கத்து வீட்டு டீவியில் மலாய்ச் செய்தி ஓடியது.

"கோழி தின்னதுக்கு நான் யாரு கேக்க?" என்றாள் கடைசியில். "பதினெட்டு நாளா பசாருக்குப் போவல தம்பி. போனா, எண்ணெ வாங்கவான்னு கேக்குறாளுங்க. சிரிச்சிக்கிட்டே."

"மன்னிச்சிருங்கக்கா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே, எண்ணெ புதுசுன்னு." கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "காளிதாசங்கிட்டத் தனியாப் போயிக் காதுல சொல்லிட்டு வந்துறாத. எந்த எடத்துல சொன்னியோ அங்க சொல்லு. பொம்பளைங்க ஒக்காந்திருக்கறப்ப சொல்லு."

"பாட்டுலேருந்து எடுத்துருவாங்கக்கா."

"எடுக்கட்டும்" என்றாள் மருதம்மாள். "என்னய எடுக்கலயா?"

அந்த ஞாயிறு கூட்டம் அதிகம். பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில், தூணோரம், மருதம்மாள் மடித்த கையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டே மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காளிதாசன் மைக்கை நீட்டினார். "இன்னிக்கு முடியுமா பரஞ்சோதி? இல்ல காஞ்சனாவ மொத அடி எடுக்கச் சொல்லவா?"

பரஞ்சோதி மைக்கை வாங்கினார். பாட்டுக்காக எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"அக்கா சாப்பாட்டுல தப்பு ஒண்ணுமில்ல" என்றார். குரல் உடைந்து காற்றாகத்தான் வந்தது. "நான் பொய் சொல்லிட்டேன். வெரதத்துல கறி தின்னேன். அத மறைக்க அப்படிச் சொன்னேன்."

முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம். வாசல் பக்கத்திலிருந்து உமாராணி கையை உயர்த்தி, நல்ல மனதோடு, உரக்கக் கேட்டாள்.

"அண்ணே, பின்னால ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க லா."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். பரஞ்சோதிக்குக் காது மடல் வரை கொதித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். மைக்கில் அந்தச் செருமல் வெளியே காடி கழுவும் கடை வரை போனது.

"கறி தின்னது நான். கோழிக் கறி. அக்கா எண்ணெ சுத்தமா இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. காளிதாசன் தன் வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டார். விசாரிக்காமல் ஆர்டர் கொடுத்தவர் அவர்தானே. பரஞ்சோதி மூன்றாவது முறையும் தொடங்கினார், நிறுத்தத் தெரியாதவர் போல. "கறி தின்னது..."

"போதும், ஒக்காரு தம்பி" என்றாள் மருதம்மாள்.

அவள் எழுந்தாள். சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் அடுப்படிப் பக்கம் நடந்தாள். வழியில் கால் நீட்டியிருந்தவர்கள் மடக்கிக்கொண்டார்கள். உள்ளே கடைக்காரர்கள் கொண்டுவந்து வைத்திருந்த குழம்புப் பானையின் மூடியை அவள் திறந்து பார்த்து, டங்கென்று மூடுவது கேட்டது.

"ஏன்டி, இங்க உப்பு டப்பாவ எங்க வச்சீங்க?" என்ற குரலும் கேட்டது. இரண்டு பெண்கள் எழுந்து உள்ளே ஓடினார்கள்.

மைக் காஞ்சனா கைக்குப் போனது. பரஞ்சோதி வரிசையின் கடைசிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். சசிதரன் ஒரு ஜோடி ஜால்ராவை அவர் முழங்கால் பக்கம் தள்ளிவிட்டான். காஞ்சனா முதல் அடியை எடுத்தாள், கொஞ்சம் தாழ்ந்த சுதியில். எல்லாரும் பின்பாடினார்கள். பரஞ்சோதி வாயைத் திறக்கவில்லை. தலை குனிந்தபடியே, தாளம் பிசகிவிடாமல் தட்டிக்கொண்டிருந்தார்.