நாலாம் வளையத்தின் இடப்பக்கம்

1

நாலாம் வளையத்தின் இடப்பக்கத்தைத் தனியாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி நாங்கள் கட்டுரை அனுப்பியிருந்த வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து ஈமெயில் வந்திருந்தது. ஜெபமணி சார் வாசித்துவிட்டு, எடுத்து அனுப்பிரும்மா என்று வகுப்புக்குப் போய்விட்டார். அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் முப்பது வருஷம் படம் வரைந்தவள் நான். சார் ஆராய்ச்சிக் கப்பலில் தென்துருவக் கடலுக்குப் போய் மூன்று ஐசோபாடுகள் கொண்டுவந்தார். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் ஓடுமே, தொட்டால் உருண்டுகொள்ளும் சாம்பல் பூச்சி, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். இது கடலடியில் வாழ்வது, உடம்பெல்லாம் முள். முதன்முதலில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். அந்தக் குளிரில் கிடக்கிற இத்தனூண்டு உயிருக்கு, யாரைக் குத்த இத்தனை முள்?

ஏற்கெனவே பெயர் வைத்த இனத்துக்கு முதுகின் நாலாம் வளையத்தில் பக்கத்துக்கு ஒரு முள். எங்களுடையதில் முழுசாக இருந்த ஒன்றில் இரண்டு. அப்படியானால் புது இனம். சார் மே மாதம் ரிட்டயர் ஆகப்போகிறவர்.

“முப்பது வருஷமா படமெல்லாம் உன்னுது, பேரு எங்களுது. இதுக்கு உன் பேருதான் செல்வி” என்றார். பென்சிலால் எழுதி, பூச்சியை ஆல்கஹாலில் போட்டுவைத்த குப்பிக்குள்ளேயே சீட்டும் போட்டார். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். என் வீட்டுக்காரர் ஏரல் சொந்தக்காரர்கள் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

2

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வலது பாதியை மட்டும் வரைவோம். ட்ரேசிங் பேப்பரைத் திருப்பிப்போட்டு அதையே இடது பாதியாக ஒற்றி எடுப்போம். பாதி வேலை மிச்சம். இந்தப் பூச்சிக்கு இடப்பக்கம் கடற்பஞ்சு நார் சிக்கியிருந்தது. அதை எடுக்கப்போய் கால் ஒடிந்தால் என்ன செய்ய என்று விட்டுவிட்டேன். சாரும் என் படத்தைப் பார்த்தே முள்ளை எண்ணி எழுதியிருந்தார்.

இப்போது பைய நாரைப் பிரித்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரே முள்.

வலப்பக்கப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் திருப்பிப்போட்டு இடப்பக்கம் என்று அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது. அப்படி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். மவுஸில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய் வகுப்பு வாசலில் நின்றேன்.

சார் வந்து குனிந்து பார்த்தார். உடைந்திருக்கும் சார் என்றேன், ஒரு நப்பாசையில்.

“உடைஞ்ச முள்ளுன்னா அடிக்கட்டை இருக்கும்லா. இங்கன வழவழன்னுல்லா இருக்கு.”

மற்ற இரண்டையும் எடுத்தோம். அவற்றில் பக்கத்துக்கு ஒரு முள்தான் இருந்தது. இழுவலையில் உடைந்திருக்கும் என்று முன்பே ஒதுக்கிவைத்தவை. அவற்றிலும் அடிக்கட்டை இல்லை. மூன்றும் பழைய இனம்தான். ஒன்றே ஒன்று மட்டும் ஒரு முள் கூடுதலாகப் பிறந்திருக்கிறது.

3

சார் அன்றைக்கே கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கடிதம் எழுதினார். அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வலப்பக்கப் போட்டோவையே திருப்பிப்போட்டு அனுப்பியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காதுல்லா?”

“தெரிஞ்சிருக்காது சார்.”

சார் அந்தப் பூச்சியை அதோடு விடவில்லை. ஒரே உயிரில் இரண்டு பக்கமும் வேறு வேறாக ஏன் வந்தது என்று அந்த வாரமே ஒரு குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். அதற்கு இரண்டு பாதியையும் தனித்தனியாக வரைந்தேன். என் சர்வீஸில் நான் வரைந்த முதல் முழுப்படம் அதுதான். வரைய வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறேன்: வலது எப்படியோ இடதும் அப்படித்தான் என்று உட்கார்ந்த இடத்தில் முடிவு பண்ணாதீர்கள்.

குப்பியிலிருந்து என் பேர்ச் சீட்டை எடுக்கச் சாருக்குக் கை வரவில்லை. நானே இடுக்கியால் எடுத்தேன். பழைய இனத்தின் பெயரைப் பென்சிலில் எழுதி உள்ளே போட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. என் சீட்டு காய்ந்து இப்போது வீட்டில் பைபிளுக்குள் இருக்கிறது. அத்தனை மாசம் ஆல்கஹாலில் கிடந்தும் ஓர் எழுத்துகூட அழியவில்லை.