மருமகன் அறியாமல் குடித்த சீரகத் தண்ணி

எனக்கு எழுத்து வராது. நான் அடுப்படியில் இருந்து சொல்கிறேன், பேத்தி வாசலில் இருந்து எழுதுகிறாள். என் வாயில் வருகிறபடியே எழுது புள்ள என்றால், "அப்பிடி எழுதினா ஆரும் சிரிப்பாங்க அம்மம்மா" என்று பள்ளிக்கூடத் தமிழில் எழுதுகிறாள். எழுதட்டும். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

இவளும் என் கடைசி மகனும் ஒரே வகுப்பு. அவன் இவளுக்குத் தாய்மாமன், சில கிழமைகள்தான் மூப்பு. பள்ளிக்கூட வாசலில் ஐஸ்பழக்காரனைக் கண்டால் இவள் வேண்டுமென்றே "மாமா! மாமா!" என்று கத்துவாள். பக்கத்தில் நிற்கிற பொடியன்கள் சிரிப்பார்கள். அவன் மானம் போகாமல் இருக்க ஐஸ்பழம் வாங்கிக் கொடுப்பான். இப்படி எத்தனை ஐஸ்பழம் தின்றிருப்பாள் இந்தக் கள்ளி! எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு குளிரும். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் வயிற்றில் இருந்த காலத்தில் நான் வெட்கத்தில் செத்துச் செத்துத்தான் பிழைத்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடித்ததும் மருமகன் வந்து பெண் வீட்டில் இருப்பார். தாயும் தகப்பனும் அதே வளவில் ஒரு ஓரமாய்க் கொட்டில் கட்டி ஒதுங்கிவிடுவோம். மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைக்கிற பழக்கம் இல்லை. சோறு போட வேண்டும் என்றாலும் "புள்ள, அவருக்குச் சோறு ஆறுது" என்று மகளிடம்தான் சொல்வேன். அவரும் "மாமிட்டச் சொல்லு, மீன் போதும்" என்று அவளிடம்தான் சொல்வார். நான் அவருக்கு முன்னால்தான் நிற்பேன், இருந்தாலும் அப்படித்தான்.

மகளுக்குக் கல்லடியில் கடற்கரையோடு ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தோம். சுவருக்குப் பூசின சுண்ணாம்பு மணம் போகமுதல் கடல் ஊருக்குள் வந்தது. வீடு போனது. அப்போது கடைக்குட்டியாய் இருந்த என் சின்னவன் போனான். மார்கழி விடுமுறை, பந்தடிக்கப் போனவன். அதற்கு மேல் அதைச் சொல்ல மாட்டேன், இவளும் எழுத வேண்டாம்.

பிறகு எங்களுக்கு ஒரு தகரக் கொட்டில் தந்தார்கள், வரிசையாய்க் கட்டின கொட்டில்களில் ஒன்று. நாங்கள் நான்கு பேர். நடுவில் ஒரு சாரியைக் கட்டி அந்தப் பக்கம் மகளும் மருமகனும், இந்தப் பக்கம் நானும் என் மனிசனும். ஒருவர் இருமினால் நாலு கொட்டிலுக்குக் கேட்கும். மருமகனின் ஊர் கிரான். அங்கே அவர்களுடைய வயல் வட்டையில் அறுவடை என்று மகளையும் கூட்டிக்கொண்டு சில நாட்கள் போய் நின்றார். இவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எழுது புள்ள, உன் அம்மப்பா அந்த நாட்களில் ஒவ்வொரு இரவும் பிள்ளையை நினைத்து அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேர் சேர்ந்து அழுதால் அப்படித்தான்.

கிரானில் இருந்து மகள் வந்து, தனக்குக் குளிப்பு நின்றுவிட்டது என்று சந்தோசமாய்ச் சொன்னாள். எனக்கும் நின்றிருந்தது. வயது போய்த்தான் நிற்கிறது, கவலையில்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயிறு அசைந்த பிறகுதான் விளங்கியது.

மகளுக்கு ஒளிக்க முடியவில்லை. ஒருநாள் நான் குளித்துவிட்டு வரும்போது பார்த்துவிட்டாள். வாளியைத் தொப்பென்று வைத்தாள்.

"என்னம்மா இது?"

நான் ஈரத் துணியை வயிற்றோடு இழுத்துப் பிடித்தேன்.

"தம்பிட ஆண்டு கூட இன்னும் திரும்பல்ல. ஊரு என்ன பறையும்? இவர்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிற?"

அவள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. நானே எனக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதும் தகரம் முழுக்க என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே வந்து என் தலையைத் துவட்டினாள். "சரிகா, அழாதங்க. இவருக்குத் தெரியாமப் பாத்துக்குவம்" என்றாள். கோபம் போனால் எனக்கே 'கா' போடுவாள், ஏதோ கூட்டாளிப் பெண் மாதிரி.

ஒளிக்கிறதற்கு வழியும் வந்தது. நிவாரணப் பொதியில் ஒரு சட்டை இருந்தது. ஆரோ ஒரு வெள்ளைக்கார மனிசி போட்டதாயிருக்கும், பூப் பூவாய், கூடாரம் மாதிரி. அதற்குள் என்னைப் போல் மூன்று பேர் நிற்கலாம். அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். கிளினிக்குக்கும் இங்கே போகவில்லை. தங்கச்சியைப் பார்த்துவிட்டு வாறன் என்று பஸ் ஏறி வாழைச்சேனைக்குப் போய், அங்கே காட்டிவிட்டு வருவேன்.

சின்னவனின் ஆண்டு வந்தது. கடற்கரையில் எல்லாரும் விளக்கு வைத்தார்கள். நான் பூத்தட்டை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊருக்கு மட்டும் மறைத்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கடலுக்கும் மறைத்தேன். அவன் பார்த்தால் என்ன நினைப்பான்? அம்மா இவ்வளவு கெதியாய் என்னை மறந்து வேறு பிள்ளை எடுக்கிறா என்று நினைப்பானே. ஊர் பேசுவதைத் தாங்கலாம். அந்த வெட்கத்தைத்தான் தாங்க ஏலாமல் இருந்தது.

மகளுக்கு மாதம் நிறைந்து வந்தது. எங்கள் ஆட்கள் அந்த நேரத்தில் குடிநீர் அவிப்பார்கள். பெரிய மருந்து ஒன்றும் இல்லை. நற்சீரகத்தை ஓட்டில் போட்டு மணக்க வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பு, சுக்கு என்பார்களே, அதைத் தட்டிப் போட்டு, தண்ணி பாதியாய் வத்தும்வரை அவிக்கிறது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சுடச்சுடக் குடிக்க வேண்டும். வயிறு குத்தினால் முதலில் இதைத்தான் கொடுப்போம். பொய்க்குத்து என்றால் அடங்கிவிடும். மெய்க்குத்து என்றால் கூடும். அப்படித்தான் என் தாயும் பார்த்தா.

வீடு வீடாய் வருகிற மிட்வைஃப் பிள்ளைக்கு இது பிடிக்காது. "அம்மா, கண்ட நேரத்தில இதக் குடுக்க வேணாம். குத்து எண்டா அடுப்படியில நிண்டு சோதிக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றா. சொல்லிக்கொண்டே என் கூடாரச் சட்டையை மேலும் கீழும் பார்த்தா. நான் விறகைப் பிளக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

சரக்கு வாங்குகிறது மருமகன். சீரகம் வாங்கினால் இரண்டு பைக்கட்டு. வேர்க்கொம்பும் இரண்டு. பனங்கட்டி ஒரு ஓலைக் குட்டான் கேட்டால் இரண்டு குட்டான். நான் மகளிடம், "அவருக்குச் சொல்லு, காசு மரத்தில காய்க்கல்ல எண்டு" என்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். அடுத்த முறையும் இரண்டுதான். கிரான்காரருக்கு எல்லாம் மூடைக் கணக்குத்தான் என்று நானும் மகளும் சொல்லிக்கொள்வோம்.

ஒரு விடியற்காலை, என் மனிசன் தோணியோடு ஆற்றுக்குப் போய்விட்டார். மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "அம்மா, குத்துது." நான் கேத்தலில் சீரகத்தை அவித்து ஒரு பேணி கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "கைக்குது. நீங்க குடிங்க" என்று என் கையில் திணித்தாள்.

எனக்கும் எழும்பினதில் இருந்து அடிவயிறு ஒரு மாதிரித்தான் இருந்தது. கொட்டிலுக்குப் பின்னால் போய், தகரத்தைப் பார்த்து நின்று, களவெடுத்தவள் மாதிரி மீதி முழுவதையும் குடித்தேன். கேத்தலில் கிடந்ததையும் ஊற்றிக் குடித்தேன். என் வயிற்றுக்கென்று ஒரு பேணி அவித்துக் கேட்க எனக்கு வாய் இருக்கவில்லை. மகளின் எச்சில் மிச்சத்தைக் குடித்துத்தான் அந்தப் பிள்ளையை வளர்த்தேன்.

மகளுக்கு அடங்கிவிட்டது. வெயில் ஏறும்போது நான் தண்ணிக்குடத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டேன். சீரகத்தால் வந்ததோ, நாள் வந்து வந்ததோ தெரியாது. பிறகு மிட்வைஃப் பிள்ளை நாள்தான் என்று சொன்னா.

"என்னம்மா?" என்று மகள் ஓடி வந்தாள். மருமகனும் தைத்துக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு வந்து சாரிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அம்மாக்கு என்னவாம்?"

"வயித்தோட்டமாம்" என்றாள் மகள்.

"ஓம், வயித்தோட்டம்" என்றேன் நானும், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் வெளியே போனார். ஆட்டோச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, சாரியைப் பார்த்து, மகளுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"மாமிய ஏறச் சொல்லு. இவ்வளவு நாளும் ரெண்டு ரெண்டு பைக்கட்டு வாங்கினது எனக்கென்ன விசரா?"

எனக்குப் பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்று இருந்தது. விழுங்கவில்லை. அடுத்த குத்து வந்தது, ஏறினேன்.

அப்போது கல்லடிப் பாலத்தில் ஆமி சோதிக்கிற காலம். எல்லாரும் இறங்கி நடந்துதான் போக வேண்டும். பூப்போட்ட கூடாரத்தோடு நான், என்னைத் தாங்கிக்கொண்டு தன் வயிற்றையும் தாங்கிக்கொண்டு மகள், பின்னால் மருமகன். காவலில் நின்ற பொடியன் எங்கள் இரண்டு வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான். சிங்களத்தில் என்னவோ கேட்டான். மருமகன் பொலன்னறுவையில் மேசன் வேலைக்குப் போனவர், கொஞ்சம் கதைப்பார். என் பக்கம் கையைக் காட்டி, "மகே அம்மா" என்றார்.

அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரியும். என்ட அம்மா என்றார். எனக்கு முன்னால் நின்று ஒரு சொல் கதைக்காதவர், துவக்கோடு நிற்கிறவனுக்கு முன்னால் அப்படிச் சொன்னார். அந்தப் பொடியன் எங்களைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றி விட்டான்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் பிள்ளை, "ஆருக்குக் குத்து?" என்று கேட்டா. வெட்கம் பழக்கமாகிவிட்டால் லேசில் விடாது. நான் மகளைக் காட்டினேன். மகள் என்னைக் காட்டினாள். "ரெண்டு பேரும் விளையாடுறீங்களா?" என்று நேர்ஸ் பிள்ளை கத்தினா. மருமகன்தான் "மாமிக்கு, மிஸ்" என்றார்.

பொடியன் பிறந்தான். நல்ல கறுப்பு, நல்ல சத்தம்.

வீட்டுக்கு வருகிற நாள் கொட்டில் வரிசையின் வாசலில் ஆட்டோ நின்றது. தண்ணிக் குழாயடியில் ஊர்ப் பெண்கள் முழுப்பேரும் குடத்தோடு நின்றார்கள். நான் மகளின் காதில், "பின்பக்கத்தால போவம் புள்ள" என்றேன். என் மனிசனும் தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கம் திரும்பினார். மருமகனுக்குக் கேட்டிருக்க வேண்டும். மகளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக் கையை நீட்டினார்.

"தாங்க மாமி."

பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே குழாயடிக்கு நடந்தார்.

"விலகுங்க, விலகுங்க! என்ட மச்சான் வாறார்!"

பெண்டுகள் குடங்களை வைத்துவிட்டுச் சுற்றி வந்தார்கள். "கொஞ்சம் காட்டுங்க தம்பி, உங்கட மச்சானுக்கு மீச முளைச்சிட்டா?" என்றாள் ஒருத்தி. "பெண்சாதிட தம்பி எண்டாலும் மரியாதையாப் பறையுங்க. நாளைக்குப் பிறக்கிற என்ட புள்ளைக்குத் தாய்மாமன்" என்றார் மருமகன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கடல் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

வெட்கம் உடனே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சின்னவனையும் அவர் அந்தத் தோளில்தான் தூக்கிக்கொண்டு, இதே மாதிரி "என்ட மச்சான், என்ட மச்சான்" என்று கடற்கரை முழுக்கத் திரிவார்.