வெறுங்கழுத்து

இத்தாலியில், பலெர்மோவில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்றபடியே அதைப் பார்த்தேன்.

என் மகள் பிரேசிலின் கடற்கரை நகரம் ஒன்றில், மலிவான ஹொஸ்டலில் தோழியோடு தங்கியிருந்தாள். வீடியோ அழைப்பில் முதலில் என் கண்ணில் பட்டது அவளுடைய கழுத்துதான்.

"சங்கிலி எங்கை பிள்ளை?"

"லொக்கருக்குள்ளை அம்மா. நகை போட்டுக்கொண்டு வெளியிலை போகவேண்டாம் எண்டு ஹொஸ்டல்காரி சொன்னவ."

"வெறுங்கழுத்தோடை திரிய நாங்கள் என்ன செத்தவீட்டிலையே இருக்கிறம்? எடுத்துப் போடு."

"ஐயோ, உங்களோடை கதைச்சு வெல்லேலாது" என்று சிரித்துக்கொண்டே போட்டாள். அழைப்பைத் துண்டிக்காமல் வாசலுக்கு வந்தாள். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. "அம்மா!" என்ற அலறலுக்குப் பிறகு திரையில் வானம் மட்டும் தெரிந்தது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.

விழுந்த போனை ஹொஸ்டல்காரி எடுத்து, "கால்மா, சென்யோரா" என்றாள். போர்த்துக்கேயம்தான், ஆனால் இத்தாலியன் தெரிந்ததால் 'பதறாதீங்க அம்மா' என்கிறாள் என்று எனக்கு விளங்கியது. மகளின் முகத்தைக் காட்டினாள். கழுத்தைச் சுற்றி இரத்தக் கோடு. மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள் பறித்தது மெல்லிய சங்கிலி, அதனால் அறுந்துவிட்டது. நான் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்ட தடித்த சங்கிலியாக இருந்திருந்தால், பிள்ளையையும் வீதியில் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

இப்போது அவள் எங்கே போனாலும், தங்குமிடத்தார் என்ன சொன்னார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

போன கிழமை, ஊர் திரும்பியிருந்த மகளோடு கோயிலுக்குப் போனபோது தெரிந்த அக்கா ஒருவர், "என்ன, குமர்ப்பிள்ளை வெறுங்கழுத்தோடை நிக்கிறா?" என்றார்.

"கழுத்து இருக்குதுதானே அக்கா," என்றேன். "அது போதும்."