பூங்காவில் வைத்த நித்தியகல்யாணி

தோட்டக்கலைத் துறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவனை ஊர் சும்மா இருக்க விடாது. எங்கள் பேரூராட்சியில் வாய்க்கால் ஓரமாகக் கிடந்த புறம்போக்கில் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா அமைத்தார்கள். மயிலாடுதுறையிலிருந்து ஊஞ்சலும் சறுக்குமரமும் லாரியில் வந்து இறங்கிவிட்டன. "செடி விஷயத்தை மட்டும் நீங்க பாத்துக்குங்க சார்" என்று செயல் அலுவலர் என் தலையில் கட்டினார். நிபந்தனைகளையும் அவரே அடுக்கினார். வருஷம் பூராவும் கலர் கலராகப் பூக்க வேண்டும். ஒரு தடவை வைத்தால் அதுவாக நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. வேலி கிடையாது, ஆடு வரும்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் செடி தெரிந்துவிட்டது.

மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில், என் மகளின் கல்லறையைச் சுற்றி அது நிற்கிறது. ஏழு வயதில் காய்ச்சலில் போனவள். பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. நித்தியகல்யாணியை அங்கே யாரும் வைக்கவில்லை, தானாக வந்தது. சித்திரை வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதும் ரோஸும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். இலை கசக்கும் என்பதால் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல் செதுக்க வருகிறவர்களிடம், "அதை மட்டும் விட்டுடுங்க" என்று வருஷா வருஷம் சொல்லி வைப்பேன்.

விதையை அங்கிருந்துதான் எடுத்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செடிகளுக்கு நடுவே பிள்ளைகள் ஓடி விளையாடுவதை ஒரு நாளாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

உத்தியோகத்தில் இருந்தபோதுகூட ஒரு வரைபடத்துக்கு நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. காகிதப்பூ வேண்டாம், முள். செம்பருத்தி வேண்டாம், ஆடு மொட்டையடித்துவிடும். முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் வளரக்கூடாது, பிள்ளை எங்கே நின்றாலும் தாய்க்குத் தலை தெரிய வேண்டும். ஐப்பசி மழையில் அந்த இடம் குளமாகிவிடும் என்பதால் வாய்க்கால் வண்டலைக் கொட்டிப் பாத்திகளை மேடாக்கினேன். நடுவில் நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு பாதை. இரண்டு பக்கமும் வெள்ளை, ரோஸ், நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை. தை மாதம் நாற்றுகளை நட்டேன். பங்குனியில் பூங்காவைத் திறந்தபோது பாதை இரண்டு பக்கமும் பூவாக நின்றது.

தினமும் சாயங்காலம் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். ஊஞ்சலுக்கு அடிதடி நடந்தது. நத்தைப் பாதையில் மட்டும் ஒரு குஞ்சுகூடக் கால் வைக்கவில்லை. நாலாம் நாள், ஒரு பையன் அந்தப் பக்கம் ஓடினான். அவன் அம்மா பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சுடுகாட்டுப் பூடா அது. அதைத் தொட்டுட்டு வீட்டுக்குள்ள வந்துடாத."

எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சுதான். வாசலில் வைக்க மாட்டார்கள், தலையில் வைக்க மாட்டார்கள். எங்கள் சபை ஜனங்களும் அதைக் கல்லறைப் பூ என்றுதான் சொல்வார்கள். வாரா வாரம் போய்ப் பார்த்துப் பார்த்து எனக்கு அது என் மகளின் பூவாகிவிட்டது. ஊருக்கு அது என்ன பூ என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இத்தனை வருஷம் படித்துக் கிழித்தது இதற்குத்தான்.

அந்த வாரமே வார்டு மெம்பர் வீட்டுக்கு வந்தார். நல்ல பெண், உட்காரக்கூடத் தயங்கினார்.

"சனங்க சங்கடப்படுறாங்க சார். விவரம் தெரியாதவங்க வச்சிருந்தாப் பரவால்ல. நீங்க போய் இப்படி..."

"எடுத்துடலாம்மா."

"ஆள் அனுப்புறேன், நீங்க சிரமப்பட வேணாம்."

"வேணாம், நானே எடுத்துடுறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு போனேன். வண்டல் பொலபொலவென்று இருந்ததால் மண்வெட்டியே தேவைப்படவில்லை. கையால் இழுத்தாலே வேரோடு வந்தது. அது ஒன்றுதான் எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் அடம் பிடித்திருக்கலாம். பாதிப் பாத்தி காலியானபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"தாத்தா, எனக்கு ஒரு பூ தருவீங்களா?"

ஆறு ஏழு வயதிருக்கும். பள்ளிக்கூடச் சீருடை, முதுகில் பை. என் கையில் இருந்த செடியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் அம்மா ரோட்டோரம் ஸ்கூட்டியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்க்கவே இல்லை. ஒரு பூவைக் கிள்ளிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"வேணாம்மா" என்றேன். "அது நல்ல பூ இல்ல. தொடக்கூடாது."

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். பூவைத் தொடவே இல்லை, இருந்தாலும் துடைத்துக்கொண்டாள். நான் சொல்லும்வரை அவளுக்கு அது வெறும் பூவாகத்தான் இருந்தது.